ரங்கியின் அப்பாவை நான் கொன்ற கதை

குசினியில் உருளைக்கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுக்க நீராவி. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றேன். வேலை முடிந்து வந்த ரங்கி சப்பாத்தைக் கழற்றாமல் நேரே உள்ளே வந்தாள். சப்பாத்தோடு குசினிக்குள் வந்தால் நான் என்ன சொல்வேன் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும்.

கையில் ஒரு கடிதமும் ஓர் அட்டையும் வைத்திருந்தாள். அட்டையைச் சுற்றிக் கறுப்புக் கரை. இந்த நாட்டில் செத்த வீட்டுக்கு அனுப்புகிற அட்டை அது.

"அக்கா, எங்க அப்பாவ ஏன் சாகடிச்சீங்க?" என்று கேட்டாள்.

கத்திக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் மருந்து குடித்தீர்களா என்று கேட்கிற குரல். எனக்குக் கத்தி விரலில் பட்டுவிட்டது. பெரிய காயமில்லை. ஆனாலும் வெங்காயச் சாறு பட்டு எரிந்தது.

நான் கத்தியைக் கழுவினேன். இரண்டு தரம் கழுவினேன்.

இது என்ன வீடு

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு வீடு தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

லைப்சிக் நகரில் ஒரு பழைய கட்டிடம். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டில் எப்போதும் தரை மெழுகு மணக்கும். பதினொரு அறைகள். ஒரு சங்கம் நடத்துகிறது. இங்கே இருப்பவர்கள் எல்லாரும் பழங்குடி மக்கள். தங்கள் மலையை, காட்டை, பனியை விட்டுவிட்டு இங்கே படிக்கவோ தொழில் பழகவோ வந்தவர்கள்.

வாடகை குறைவு. ஆனால் வாடகையை விடப் பெரிய விஷயம், கூட ஓர் ஆள் இருப்பது. கடிதம் வந்தால் வாசித்து விளங்கப்படுத்த, வைத்தியரிடம் கூட்டிப் போக, அலுவலகங்களில் டெர்மீன், அதாவது சந்திக்கிற நேரம், எடுத்துக் கொடுக்க ஓர் ஆள். அந்த ஆள் நான். கீழ்த்தளத்தில் எனக்கு இரண்டு அறை. குழாய் அடைத்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள், அழுகை வந்தாலும் என் கதவைத்தான்.

ஒரு யாழ்ப்பாணத்துக்காரி பழங்குடி மக்களின் வீட்டில் என்ன செய்கிறாள் என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருந்தார். சம்பளத்துக்கு வேலை செய்கிறாள். வேறென்ன.

ரங்கி நீலகிரியிலிருந்து வந்தவள். கோத்தகிரிப் பக்கம், இருளர். ஆஸ்பத்திரியில் தாதியாகப் பயிற்சி பெறுகிறாள். இங்கே அதை அவுஸ்பில்டுங் என்பார்கள். மூன்று வருடம், பாதி வகுப்பு, பாதி வார்டு.

அவள் வந்த அன்று நான் ஒரு மடத்தனம் செய்தேன். நிலவறைக்குக் கூட்டிப் போய் உடுப்புத் தோய்க்கிற மெஷினைக் காட்டி, இதுதான் கதவு, இதுதான் சுவிட்ச், பயப்படக் கூடாது என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"அக்கா, நான் ஆறு வயசுலேர்ந்து ஹாஸ்டல்லதான் இருக்கேன். நீங்க எப்பலேர்ந்து?"

அரசாங்கத்தின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலேயே சேர்த்துவிட்டார்களாம். பிறகு கல்லூரி விடுதி. நான் முதன்முதலில் ஓர் அகதி விடுதிக்குள் கால் வைத்தது இருபத்திரண்டு வயதில். இந்த விஷயத்தில் அவள் எனக்கு மூத்தவள். ஒரு வாரத்துக்குள் குளிர்பெட்டித் தட்டுகளை ஆளுக்கு ஒன்று என்று பிரித்து, பெயர் ஒட்டி, பால் திருட்டை நிறுத்திவிட்டாள். நான் நாலு வருடமாகக் கத்தியும் நிற்காத திருட்டு.

இன்னொரு மடத்தனமும் உண்டு. சித்திரை மாதத்தில் இங்கே ஆற்றங்கரைக் காடு முழுக்கப் பூண்டு மணக்கும். பச்சை இலை, தரை தெரியாமல் முளைத்திருக்கும். சனங்கள் பை பையாகப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். அதே மாதிரி ஒரு நஞ்சு இலையும் இருக்கிறதாம். நான் ரங்கியைக் கூட்டிப் போய், எது நல்லது பிள்ளை என்று கேட்டேன்.

"எனக்கு எப்படிக்கா தெரியும்? உலகத்துல இருக்கற எல்லாக் காடும் எனக்குத் தெரியும்னு நெனச்சீங்களா?"

நினைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு வருடம்

இந்த வீட்டில் இரண்டு வருடம்தான் இருக்கலாம். அதற்கு மேல் இருக்க வேண்டுமென்றால் அன்ட்ராக் போட வேண்டும், அதாவது விண்ணப்பம். சங்கத்தில் ஐந்து பேர் கொண்ட குழு உட்கார்ந்து முடிவு சொல்லும். காப்பியும் கேக்கும் வைத்துக்கொண்டுதான் சொல்வார்கள். கேக் நான்தான் வாங்கி வைப்பேன்.

ரங்கியின் மூன்று வருடப் பயிற்சியில் இரண்டு வருடம் முடிந்திருந்தது. கடைசிப் பரீட்சைக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது.

வெளியே அறை தேடியாயிற்று. போய்ப் பார்க்கிற இடமெல்லாம் முப்பது பேர் படிக்கட்டில் வரிசையாக நிற்பார்கள். சம்பளச் சீட்டு, பழைய வீட்டுக்காரரின் கடிதம் என்று கேட்பார்கள். பயிற்சிச் சம்பளத்தைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்கள். அதிலும் இவளுக்கு ஒரே ஒரு பெயர். குடும்பப் பெயர் எங்கே என்று கேட்பார்கள். இல்லை என்றால் ஏதோ ஒளிக்கிறாள் என்று நினைப்பார்கள்.

அறை இல்லையென்றால் பதிவு செய்ய முகவரி இல்லை. முகவரி இல்லையென்றால் விசா நீட்டிக்கிற கடிதம் வந்து சேராது. விசா இல்லையென்றால் பயிற்சி இல்லை. இந்த நாட்டில் மனிதர் நிற்பது காலில் இல்லை, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரில்.

அதனால் எனக்குப் பயம் வந்தது. பயத்துக்குக் காரணமும் இருந்தது.

அதற்கு முந்தின வருடம் சோமாய் என்று ஒரு பெடியன் இங்கே இருந்தான். சந்தால் இனம், கிழக்கு இந்தியப் பக்கம். மண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்தவன். அமைதியானவன். அவனும் இதே அன்ட்ராக் போட்டான். தானே எழுதினான். மூன்று வரி. "என் ஆராய்ச்சி முடிய ஒரு வருடம் தேவை. அறை வசதியாக இருக்கிறது. நன்றி." குழு மறுத்துவிட்டது. விசேஷமான கஷ்டம் எதுவும் தெரியவில்லையாம். அப்படித்தான் பதிலில் இருந்தது. இரண்டு பெட்டியோடு இறங்கிப் போனான். எனக்குக் கை கொடுத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கே முடிவு செய்தேன். இனி இந்த வீட்டில் அன்ட்ராக் எழுதுவதென்றால் நான்தான் எழுதுவேன்.

பெரியதம்பி அண்ணையின் பேனா

நான் அன்ட்ராக் எழுதப் பழகியது எங்கே என்று சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

எண்பதுகளில் வந்த எங்களை ஒரு சின்ன ஊரில் பழைய படைமுகாமில் போட்டிருந்தார்கள். ஓர் அறையில் ஆறு பெண்கள். நீண்ட நடை, இரண்டு பக்கமும் கதவுகள், எந்த நேரமும் யாரோ மீன் பொரிப்பார்கள். அந்த மாவட்டத்தைத் தாண்டிப் போகக் கூடாது. செய்ய ஒரு வேலையும் இல்லை. விசாரணைக்குக் கூப்பிடும் வரை காத்திருப்பதுதான் வேலை.

விசாரணையில் சொல்கிற கதைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் கேஸ். உன் கேஸ் என்ன, என் கேஸ் என்ன என்றுதான் கதைத்துக்கொள்வோம். அங்கே பெரியதம்பி அண்ணை என்று ஒருவர் இருந்தார். ஊரில் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்தவர். கையெழுத்து முத்து மாதிரி. எல்லாருக்கும் கேஸ் எழுதிக் கொடுப்பார். கூலியாக ஒரு பெட்டி சிகரெட்.

நான் என் கதையைச் சொன்னேன். ஷெல் விழுந்தது, பங்கருக்குள் இருந்தோம், பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், பக்கத்து வீட்டில் மூன்று பேர் செத்தார்கள். பேனாவை மூடிவிட்டு அண்ணை என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, இது எல்லாற்ற கதையும். இதுக்கு ஒருதரும் அழமாட்டினம். அழுதாத்தான் பேப்பர் நகரும். உமக்கு ஆண் சகோதரம் இருக்கே?"

இருந்தான். என் தம்பி. அப்போது கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தான். பெரியதம்பி அண்ணை பேப்பரில் அவனை ஆமிக்காரர் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போக வைத்தார். திரும்பி வரவில்லை என்று எழுதினார். நான் அதை மனப்பாடம் செய்து விசாரணையில் சொன்னேன். சொல்லும்போது உண்மையாகவே அழுதேன். எதற்கு அழுதேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பங்கரை நினைத்து அழுதிருக்கலாம். அதைக் கேட்கத்தான் அங்கே யாருமில்லையே.

இருக்க அனுமதி கிடைத்தது. சில வருடம் கழித்து எனக்குக் கலியாணம். தம்பி வர ஆசைப்பட்டான். அழைப்புக் கடிதம் எழுதிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த பெண் என் பழைய ஃபைலைப் புரட்டினாள். நிமிர்ந்து பார்த்தாள். இந்தச் சகோதரன் காணாமல் போனவர் என்று இருக்கிறதே என்றாள். நான் அழைப்புக் கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். பிழையாகக் கொண்டுவந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என் கலியாணப் படத்தில் தம்பி இல்லை. அதைப் பற்றி அவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

இதையெல்லாம் எழுதினால் கேஸைத் திரும்பத் திறந்துவிடுவார்களே என்று தங்கை போனில் பயந்தாள். திறக்கட்டும். எனக்கு இப்போது முழங்காலில் இரும்பு, கையில் இந்த நாட்டுப் பாஸ்போர்ட். என்னை எங்கே அனுப்பப் போகிறார்கள்.

இவ்வளவும் பட்டவள் இன்னொருத்திக்கு அதையே செய்வாளா என்று கேட்பீர்கள். செய்தேன். பட்டதெல்லாம் படிப்பு ஆகிவிடும் என்று யார் சொன்னது.

நான் எழுதிய கேஸ்

இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். என் டொச், அதாவது ஜெர்மன், இலக்கணம் அவ்வளவு வடிவில்லை, ஆனால் அழ வைக்கப் போதும்.

ரங்கியின் குடும்பத்தைக் காட்டிலிருந்து துரத்தினார்கள் என்று எழுதினேன். பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே இருக்கிறார்கள் என்றேன். தம்பி பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டான் என்றேன். இவ்வளவும் எழுதியும் கடிதம் போதாது போலிருந்தது. நடுவில் ஒரு சாவு தேவைப்பட்டது. அவள் அப்பாவுக்குக் காட்டில் ஏதோ வேலை என்று எப்போதோ சொல்லியிருந்தாள். யானையும் ஏதோ அந்தக் கதைக்குள் வந்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அப்பாவை யானை மிதித்துவிட்டது என்று எழுதினேன்.

கடிதத்தை முடிக்கும்போது எனக்கே கண் கலங்கியது. அவ்வளவு நல்ல கேஸ்.

விடியற்காலை வேலைக்கு ஓடிக்கொண்டிருந்தவளை வாசலில் மறித்துக் கையெழுத்து வாங்கினேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். உமக்கு அறை வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்றேன். கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டினேன். டிராம் வருகிற சத்தம் கேட்டது. கதவில் வைத்தே கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. சம்மதம். முழுதாக ஒரு வருடம். குழுவில் ஐந்து பேரும் ஒரே மனதாகச் சம்மதம். கூடவே அந்தக் கறுப்புக் கரை அட்டை, ஐந்து பேரின் கையெழுத்தோடு. கோடை விருந்தில் சங்கத்துக்கு நன்கொடை தருகிறவர்கள் வருவார்கள், அவர்கள் முன்னால் ரங்கி தன் அப்பாவைப் பற்றிச் சில வார்த்தை பேச வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள்.

இதைத்தான் அவள் குசினிக்குக் கொண்டுவந்தாள்.

உருளைக்கிழங்கு உடைந்துபோன அன்று

கத்தியைக் கழுவி முடித்தபின் சொன்னேன்.

"அறை கிடைச்சிட்டுது தானே பிள்ளை. அந்த அட்டையைக் குப்பையில போடும். விருந்தண்டு உமக்குக் காய்ச்சல் எண்டு நான் சொல்லுறன். முடிஞ்சுது."

அவள் கதிரையில் உட்கார்ந்தாள். அட்டையை மேசையில் வைத்து, ஈரம் படாமல் தள்ளி வைத்தாள்.

"எங்க அப்பா என்ன வேல செய்யறாருன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா?"

தெரியாது என்றேன்.

காட்டிலாகாவில் காவலர் வேலையாம். நிரந்தரமில்லாத வேலை. ஊருக்குள், தோட்டத்துக்குள் வருகிற யானையைத் திருப்பி அனுப்ப வேண்டும். தினமும் பொழுது சாயப் போனால் விடியத்தான் வருவார். கையில் டார்ச், பையில் பட்டாசு. பதினெட்டு வருடமாகச் செய்கிறார். கூட வேலை செய்த இரண்டு பேர் யானை அடித்துச் செத்துப்போனார்கள்.

"நான் ஹாஸ்டல்ல இருந்தப்ப, வார்டன் என் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலே அப்பாவுக்கு ஏதோ ஆயிருச்சுன்னுதான் ஓடுவேன். இங்க வந்தும் அப்படித்தான். காலைல அப்பா வந்துட்டேன்னு மெசேஜ் போட்டாத்தான் எனக்கு மூச்சே வரும். நீங்க அதைய எழுதி, எங்கிட்டயே கையெழுத்து வாங்கிட்டீங்க."

எனக்குக் கோபம் வந்தது. என்மேல் வர வேண்டிய கோபம், வழக்கம் போல எதிரில் இருந்தவள்மேல் வந்தது. உண்மையை எழுதியவன் எங்கே போனான் தெரியுமா என்று கேட்டேன். சோமாயைச் சொன்னேன். இந்தச் சனங்களுக்கு நாங்கள் அழுதால்தான் பிடிக்கும் என்றேன். பத்து மாதம் வாயை மூடிக்கொண்டு இரும், பரீட்சை எழுதிவிட்டுப் பிறகு எவ்வளவு உண்மை வேண்டுமென்றாலும் கதையும் என்றேன்.

அவள் அதையெல்லாம் கேட்டாள். நான் சொன்னதில் பொய் இல்லை என்று அவளுக்கும் தெரிந்தது. கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். சம்மதம் என்ற வரியில் விரலை வைத்திருந்தாள். எடுத்தாள்.

"அப்பா செத்துக் கெடச்ச ரூமுல நான் எப்படிக்கா தூங்குவேன்?"

எழுந்து போய் வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் காலோடு மாடிக்கு ஏறினாள். உருளைக்கிழங்கு அவிந்து உடைந்து களியாகிப் போயிருந்தது.

புதன்கிழமை

குழு கூடுகிற நாள். கீழே பெரிய அறையில் நீள மேசை. நான் காப்பி ஊற்றிக்கொண்டு நின்றேன். தலைவி ஃப்ராவ் ஹெல்விக், ஓய்வு பெற்ற ஆசிரியை. நல்ல மனுஷி. நான் திட்டுகிறேன் என்பதற்காகக் கெட்டவள் என்று நினைக்க வேண்டாம். என் முழங்கால் ஆப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரிக்குப் பூக்கொண்டு வந்தவள்.

ரங்கி உள்ளே வந்ததும் ஐந்து பேரும் எழுந்து நின்றார்கள். துக்கத்துக்கு மரியாதை. ஃப்ராவ் ஹெல்விக் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்தார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ரங்கி உட்காரவில்லை. தானே எழுதிய கடிதத்தை டொச்சில் வாசித்தாள். அரைப் பக்கம். எனக்கு இப்போதும் பெரும்பாலும் ஞாபகம் இருக்கிறது.

முதல் விண்ணப்பத்தில் என் கையெழுத்து இருக்கிறது. வாசிக்காமல் வைத்தேன். அது என் பிழை. என் அப்பா உயிரோடு இருக்கிறார். காட்டிலாகாவில் வேலை செய்கிறார். எங்களுக்கு வீடு இருக்கிறது, மழைக்கு ஒரு மூலையில் ஒழுகும். தம்பி பத்தாம் வகுப்புப் படிக்கிறான். நான் காலை ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். பரீட்சைக்குப் பத்து மாதம் இருக்கிறது. அதுவரை இந்த அறை எனக்கு வேண்டும். உங்கள் அட்டையைத் திருப்பித் தருகிறேன்.

மேசையில் அட்டையை வைத்தாள்.

யாரும் காப்பியைத் தொடவில்லை. ஃப்ராவ் ஹெல்விக்கின் கழுத்து சிவந்து போயிற்று. அப்படியானால் எங்களிடம் வந்தது பொய்யா என்று கேட்டார். ஆம் என்றாள் ரங்கி. யார் எழுதியது என்று கேட்டார்கள். கையெழுத்து என்னுடையது என்றாள். திரும்பக் கேட்டார்கள். திரும்ப அதையே சொன்னாள். என்னை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை.

அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் நான் ஒருவேளை வாதாடியிருப்பேன். அவள் காட்டிக் கொடுக்காததுதான் என்னால் தாங்க ஏலாமல் போயிற்று. கூஜாவை மேசையில் வைத்துவிட்டு, நான் எழுதினது என்றேன். அவளுக்கு வாசிக்கக் கூடக் கொடுக்கவில்லை என்றேன்.

ஏன் என்று கேட்டார்கள்.

உங்களுக்கு அப்படி எழுதினால்தான் பிடிக்கும் என்றேன்.

ஃப்ராவ் ஹெல்விக் நாங்கள் யாரையும் அழச் சொன்னதில்லை என்றார். உண்மைதான், சொன்னதில்லை. ஆனால் சோமாய் அழவில்லை, அவனை அனுப்பிவிட்டீர்கள், அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. கோபமாகத்தான் கேட்டேன். ஆனால் குரல் உயரவில்லை. அப்படிக் கேட்டது என் வாழ்க்கையில் அது ஒருதரமாகத்தான் இருக்கும்.

குழுவில் ஓர் இளம் பெண், பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவள், எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த வீட்டு விதிகளைக் கழற்றிக் கொண்டுவந்து வாசித்தாள். பழங்குடி மக்களாக இருக்க வேண்டும், சொந்த இடத்தை விட்டு வந்திருக்க வேண்டும், படிப்போ பயிற்சியோ இருக்க வேண்டும், வருமானம் குறைவாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். கஷ்டம் என்ற சொல்லே அதில் இல்லை.

அந்தக் கடதாசி என் மேசைக்கு நேரே மேலே ஏழு வருடமாகத் தொங்குகிறது. நான் வாசித்ததில்லை. குழுவும் வாசித்ததாகத் தெரியவில்லை. விதியைப் போட்டவர்கள் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள். அழுகையைக் கேட்டுப் பழகியவர்களும் அழுது பழகியவளும் சேர்ந்து அதன் கீழே உட்கார்ந்திருந்தோம்.

அன்றைக்கு முடிவு சொல்லவில்லை. பழைய சம்மதம் செல்லாது, எழுத்தில் அறிவிப்போம் என்றார்கள். கேக் அப்படியே இருந்தது.

இரண்டு வாரம்

ரங்கி புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிவிட்டாள். தேவையானதைத் திறந்து எடுத்துப் படித்துவிட்டுத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். என்னோடு கதைத்தாள். இன்றைக்குக் குப்பை எடுக்கும் நாள், தபால் வந்ததா, அந்த அளவுக்கு. முன்பெல்லாம் தேத்தண்ணி போட்டால் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றுவாள். அந்த இரண்டு வாரமும் ஒரு கோப்பைதான் போட்டாள்.

தபால்காரர் வரும் நேரம் நான் வாசலைக் கூட்டினேன். ஒரு நாளைக்கு மூன்று தரம் கூட்டிய நாளும் உண்டு.

கடிதம் வந்தது. பரீட்சை முடியும் வரை அறை உண்டு. பத்து மாதம். முதலில் கொடுத்த முழு வருடம் இல்லை. கீழே இன்னொரு வரி. இனிமேல் வீட்டில் இருப்பவர்களின் விண்ணப்பங்களை நான் எழுதக் கூடாது. விளங்கப்படுத்தலாம், எழுதக் கூடாது.

சோமாயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நானே தேடினேன். வேறு ஒரு நகரத்தில், நாலு பேரோடு ஓர் அறையில் இருக்கிறான். ஆராய்ச்சி ஓடுகிறதாம். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் இன்னும் கேட்கவில்லை. புதன்கிழமை தோறும் நான் அதை ஞாபகப்படுத்துகிறேன். அவர்களுக்கு என் காப்பி இப்போது கசக்கிறதாம்.

ஞாயிறு மத்தியானம்

அடுத்த ஞாயிறு நான் பருப்புத் தாளித்துக்கொண்டிருந்தேன். ரங்கி குசினி மேசையில் இருந்து அப்பாவோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருந்தாள். தங்கள் பாஷையில் கதைத்தால் எனக்குப் பாதிதான் பிடிபடும். திடீரென்று எழுந்து வந்து போனை என் கையில் தந்தாள்.

"அப்பா பேசணுமாம்."

மெலிந்த மனிதர். காக்கிச் சட்டை. பின்னால் தேயிலைச் சரிவு, பின்னேர வெயில். வேலைக்குக் கிளம்பி நின்றார். ஒருமுறை பையைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"வணக்கமுங்க அம்மா. ரூமுக்கு நீங்கதான் லெட்டர் எழுதுனீங்கன்னு பொண்ணு சொல்லுச்சு. என்னயப் பத்திக்கூட எழுதுனீங்களாமே?" வெட்கப்பட்டுச் சிரித்தார். "என்னங்க எழுதுனீங்க?"

நான் ரங்கியைப் பார்த்தேன். அவள் சிங்கின் முன் நின்று கழுவிய தட்டையே கழுவிக்கொண்டிருந்தாள். உதவிக்கு வர மாட்டாள் என்று அவள் முதுகிலேயே தெரிந்தது.

"பிழையா எழுதிப்போட்டன், ஐயா," என்றேன். "பெரிய பிழை. பிறகு உங்கட மகள்தான் எல்லாருக்கும் முன்னால நிண்டு திருத்தினவ. அறை கிடைச்சது அவவால. என்னால இல்லை."

அவருக்கு என் தமிழ் எவ்வளவு விளங்கியதோ தெரியாது.

"திருத்தியாச்சுங்களா?"

"ஓம்."

"அப்பச் சரிங்க. எழுதறப்ப தப்பு வர்றதுதான். நேரமாச்சுங்க, கெழக்கால பக்கம் ரெண்டு நிக்குதுன்னு சொல்றாங்க. வர்றேனுங்க அம்மா."

"கவனமாப் போயிட்டு வாங்கோ," என்றேன். இரண்டாம் தரமும் சொன்னேன். அதற்குள் திரை இருண்டுவிட்டது.

ரங்கி வந்து போனை வாங்கினாள். பிறகு இரண்டு கோப்பை எடுத்து வைத்தாள்.

அன்றைக்குப் பின்னேரம் அவளிடம் நாலு தரம் கேட்டேன், அப்பா வந்துவிட்டாரா என்று. விடியத்தான் வருவார் என்று நாலு தரமும் சொன்னாள். நாலாம் தரம் கொஞ்சம் எரிச்சலோடு சொன்னாள். போய்ப் படுத்தேன்.

திங்கள் காலை நான் எழும்பியபோது அவள் வேலைக்குப் போய்விட்டாள். குசினி மேசையில், உப்புப் போத்தலுக்குக் கீழே, ஒரு துண்டுக் கடதாசி இருந்தது.

"அப்பா வீட்டுக்கு வந்துட்டாரு."